கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடையாதா? நம் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் செயற்குழுவினருக்கும் கல்வி உதவித்தொகைக் குழுவினருக்கும்,

இந்த ஆண்டு உதவித்தொகை அறிவிப்பில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். "நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்." போன வருடம் வரை அந்த வரி இல்லை. இங்கே கலிஃபோர்னியாவில் நம் தமிழ்ப் பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற எந்தப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம் என்றுதான் இருந்தது. அந்த ஒரு வரியால், ஆறு வருடம் என் வகுப்பில் உட்கார்ந்து தமிழ் படித்த ஒரு பெண்ணின் விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தைக் குறைந்த கட்டணத்தில் சொல்லித்தரும் கம்யூனிட்டி காலேஜில் சேரப்போகிறாள் என்பதைத் தவிர வேறு எந்தக் காரணமும் நீங்கள் சொல்லவில்லை.

பொதுக்குழுவில் எழுந்து கேட்டேன். "உதவித்தொகைக்கு ஒரு தரம் வேண்டாமா?" என்றார் உங்களில் ஒருவர். "அங்கே யார் வேண்டுமானாலும் சேரலாமே, அதற்கு எதற்குப் பரிசு?" என்றார் இன்னொருவர். பின்வரிசையிலிருந்து, "அங்கேதான் எல்லாம் ஃப்ரீ ஆச்சே" என்று ஒரு குரல். அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி. பெயர் வேண்டாம், உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து ழகரம் எழுத வைப்பாளே, பொங்கல் விழா நாடகத்தில் வசனத் தாளில் இருந்த ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தாளே, அவள்தான். அவள் அப்பா வேலைக்கான எச்-1பி விசாவில் இருக்கிறார். நிரந்தரமாக இங்கே குடியிருப்பதற்கான கிரீன் கார்டு வரிசையில் நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. அவள் எச்-4, அதாவது எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்கான விசா. எனவே மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் அவளுக்கு இல்லை. அதற்குப் பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். பெல் கிராண்ட் என்ற அரசு மானியமும் இல்லை, அரசுக் கல்விக் கடனும் இல்லை. 21 வயதானால் பெற்றோர் விசாவின் நிழலில் இருக்கவும் முடியாது. அதற்குள் படிப்பில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட வேண்டும் என்பது அந்த வீட்டின் கவலை.

நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவளுக்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின், அதாவது நாம் யூ.சி. என்று சொல்வதின், ஒரு வளாகத்தில் இடம் கிடைத்தது. மார்ச் மாதம் கடிதம் வந்த அன்று எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள், கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்லி. சாப்பாட்டு மேசையில் பல்கலைக்கழகம் அனுப்பிய தாள் விரித்துக் கிடந்தது. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல். அதன் கீழே மானியம் என்ற இடத்தில் சுழியம், அரசுக் கடன் என்ற இடத்தில் சுழியம். அவள் அப்பா அந்த இரண்டு சுழியத்தையும் பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஊரில் இரண்டு தங்கைகள், இங்கே இன்னொரு பிள்ளை. அந்தப் பெண் தாளை மடித்து வைத்துவிட்டு, "நான் கம்யூனிட்டி காலேஜ் போயிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு அங்கேயே போறேம்ப்பா" என்றாள். பதினேழு வயதுப் பிள்ளை எடுத்த முடிவு இது. என் கண் கலங்கிவிட்டது.

அவள் யூ.சி.க்குச் சரி என்று சொல்லியிருந்தால், இதே மதிப்பெண்ணோடு, இதே கட்டுரையோடு, உங்கள் ஆயிரம் டாலர் அவளுக்குக் கிடைத்திருக்கும். பணம் போதாமல் வேறு வழி தேர்ந்தெடுத்ததால் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் புது விதி தரம் பார்க்கிறதா, அப்பாவின் வங்கிக் கணக்கைப் பார்க்கிறதா? பணம் உள்ள வீட்டுக்கு உதவித்தொகை, இல்லாத வீட்டுக்கு மன்னிப்புக் கடிதம் என்பதை எந்தச் சங்கமும் மனமறிந்து செய்யாது. நீங்களும் மனமறிந்து செய்யவில்லை என்று நம்புகிறேன். அந்தக் கல்லூரி என்னவென்று தெரியாமல் செய்துவிட்டீர்கள்.

எனக்குத் தெரியும், நான் அங்கே படித்தவள். ஊரில் பி.காம். முடித்துவிட்டு 2011இல் எச்-4இல் வந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. மகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் பக்கத்துக் குடியிருப்பில் இருந்த அம்மா ஒருவர், இந்த மாநிலத்தில் குடியிருந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் உனக்கும் உள்ளூர்க் கட்டணம்தான், போய்ச் சேர் என்றார். யூனிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு; ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மூன்று யூனிட் பாடம் ஒன்றுக்கு 138 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள். அந்த 46 டாலர் 2012 கோடையில் நிர்ணயித்தது. இத்தனை வருடமாகியும் இந்த மாநிலம் அதை ஏற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் சேர்ந்தேன். புத்தகத்தின் விலை பாடத்தின் கட்டணத்தைவிட அதிகம். வாங்கவில்லை. நூலகத்தில் ரிசர்வ் என்று ஒரு கவுன்ட்டர் உண்டு. அங்கே பாடப்புத்தகம் இரண்டு மணி நேரத்துக்குக் கடன் கொடுப்பார்கள்; வெளியே எடுத்துப் போகக் கூடாது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டே முக்காலுக்கு அங்கே போய் நிற்பேன். எனக்கு முன்னால் ஒரு பையன் தினமும் நிற்பான். கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, அந்தப் பிரதிபலிப்புச் சட்டையைக் கூடக் கழற்றாமல் நேரே வருவான். ஒரே புத்தகம்தான் இருக்கும். அவன் முதல் இரண்டு மணி நேரம், நான் அடுத்த இரண்டு மணி நேரம் என்று ஏற்பாடு. கடைசி பதினைந்து நிமிடம் அவன் தூக்கத்தில் சாய்ந்துவிடுவான். நான் எழுப்பி புத்தகத்தை வாங்கிக்கொள்வேன். என் வகுப்பில் ஈராக்கிலிருந்து திரும்பிய ராணுவ வீரர் ஒருவர் இருந்தார், அறுபது வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார், பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் பொழுதுபோக்க வரவில்லை.

இந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற மழலையர் பள்ளியில் ஆசிரியையாவதற்கு வேண்டிய பாடத் தகுதிக்கு 12 யூனிட் போதும். 2015இல் எச்-4 இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தபோது, கையில் தகுதியோடு நின்றேன். அந்தச் சம்பளத்திலிருந்துதான் ஒவ்வொரு வருடமும் இந்த உதவித்தொகை நிதிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். கம்யூனிட்டி காலேஜ் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைக்கு இல்லை என்பது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, "யார் வேண்டுமானாலும் சேரலாம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆமாம், சேரலாம். அதற்காகவே கட்டியது அது. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து, ஊரை விட்டுப் போகாமலே பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தைப் படிக்க ஒரு வழி செய்தார்கள். முதல் வகுப்பில் ஆறே ஆறு மாணவர்கள். கலிஃபோர்னியாவில் 1907இல் அதற்குச் சட்டம் வந்தது, 1910இல் ஃப்ரெஸ்னோவில் முதல் கல்லூரி. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபோது அரசே படிப்புச் செலவை ஏற்றதும் கூட்டம் பெருகியது. 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கைதான் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரை நாடு முழுக்கப் பரப்பியது.

நமக்கு முக்கியமானது 1960. அந்த வருடம் கலிஃபோர்னியா தன் உயர்கல்வித் திட்டத்தை வகுத்தது. பள்ளி முடிக்கிற பிள்ளைகளில் தர வரிசையில் முதலில் வரும் எட்டில் ஒரு பங்கு யூ.சி.க்கு, முதலில் வரும் மூன்றில் ஒரு பங்கு மாநிலப் பல்கலைக்கழகமான கால் ஸ்டேட்டுக்கு, படிக்க விரும்பும் எல்லோரும் கம்யூனிட்டி காலேஜுக்கு. அங்கே நன்றாகப் படித்தால் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். மாறுவது சலுகை இல்லை, திட்டமே அதுதான். யூ.சி.யின் ஆறு வளாகங்கள், குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட மதிப்பெண்ணோடு முடித்து வருகிறவர்களுக்கு இடம் உறுதி என்று எழுதிக் கொடுக்கின்றன. இன்றைக்கு இந்த மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. கால் ஸ்டேட் பட்டதாரிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரும் யூ.சி. பட்டதாரிகளில் கால்பங்குக்கு மேலானவர்களும் அங்கே தொடங்கியவர்கள்தான். பட்டம் வாங்கும்போது தாளில் எந்த வித்தியாசமும் இருக்காது. மனித மரபணுத் தொகுதியைப் படித்தறிந்த முன்னோடிகளில் ஒருவரான கிரெய்க் வென்டர், வியட்நாமிலிருந்து திரும்பியதும் முதலில் போய்ச் சேர்ந்தது சான் மட்டேயோ கம்யூனிட்டி காலேஜில். அங்கிருந்துதான் யூ.சி. சான் டியகோவுக்குப் போனார். உங்கள் விதிப்படி அவருக்கும் உதவித்தொகை கிடையாது.

அவ்வளவு தூரம் போவானேன்? பத்தாம் வகுப்பு முடித்து, வீட்டு நிலைமையால் பாலிடெக்னிக் போய், டிப்ளமோ வாங்கி, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருட பி.இ. சேர்ந்தவர்கள் நம் சங்கத்திலேயே எத்தனை பேர்! சித்திரை விழாவில் அவர்களில் இருவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். டிப்ளமோக்காரன் என்று அன்றைக்கு ஊர் மூக்கைச் சுளித்ததை அவர்களே மேடையில் சொன்னார்கள், நாமும் கை தட்டினோம். அதே சுளிப்பை இப்போது நாமே செய்கிறோம். இதனால் வீடுகளில் என்ன நடக்கிறது தெரியுமா? பிள்ளை எங்கே படிக்கிறான் என்று கேட்டால் அம்மாக்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல், "இப்போதைக்குச் சில பாடம் முடிச்சிட்டிருக்கான்" என்று பேச்சை மாற்றுகிறார்கள். பிள்ளைகள் சங்கத்துப் பக்கமே வருவதில்லை. உங்கள் வரி அந்தக் கூச்சத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது.

எல்லாம் ஃப்ரீ என்ற பேச்சையும் விடக்கூடாது. 1984 வரை இந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்களில் கல்விக் கட்டணமே இல்லை. அந்த வருடம்தான் ஒரு யூனிட்டுக்கு ஐந்து டாலர் என்று தொடங்கினார்கள். கூடவே, கட்ட முடியாதவர்களுக்குத் தள்ளுபடியும் கொண்டுவந்தார்கள். இன்று அதற்கு கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட் என்று பெயர். முதன்முறையாக, முழுநேரமாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருடக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கவும் கல்லூரிகளுக்கு மாநிலம் பணம் தருகிறது. 1969 முதல் ஈ.ஓ.பி.எஸ். என்று ஒரு திட்டம் இருக்கிறது. வசதி இல்லாத பிள்ளைகளுக்குப் புத்தகத்துக்கு உதவி, தனி ஆலோசகர், மற்றவர்களுக்கு முன்பே பாடம் பதிவு செய்யும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பெல் கிராண்ட் 1972இல் வந்த மத்திய அரசு மானியம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர். இத்தனையும் உண்மை. ஆனால் தள்ளுபடி ஆவது கட்டணம். வாடகை, பஸ், புத்தகம், வீட்டுப்பாடம் செய்வதற்கென்றே வாங்க வேண்டிய ஆன்லைன் குறியீடு, இதெல்லாம் அப்படியே நிற்கிறது. வளாகங்களில் உணவுப் பொருள் கொடுக்கிற அறை வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

இன்னொன்று. இந்த உதவிகள் இருப்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. இங்கே எல்லாத் தமிழ்க் குடும்பமும் மென்பொருள் சம்பளத்தில் வாழ்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். மளிகைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற ஓர் அம்மா, தனியாகப் பிள்ளையை வளர்க்கிறவர், என்னிடம் வந்தார். மகன் இங்கே பிறந்தவன். "நான் சிட்டிசன் இல்லையே டீச்சர், அவனுக்கு எப்படிக் கிடைக்கும்?" என்றார். பிள்ளைதான் குடிமகனாக இருக்க வேண்டும், நீங்கள் இல்லை என்று சொன்னதை நம்பவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. அது 2023ஆம் வருடம்; அக்டோபரில் வர வேண்டிய புதிய ஃபாஃப்சா படிவம் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. நானும் அவரும் கடை மூடிய பிறகு பின்னறையில் அரிசி மூட்டைமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, நாலைந்து இரவு முயன்று படிவத்தை அனுப்பினோம். பையனுக்குக் கட்டணம் தள்ளுபடி ஆனது. பெல் கிராண்ட் பணம் கைக்கே வந்தது. பழைய லேப்டாப் ஒன்று வாங்கினான், மீதியில் வாடகைக்குக் கொடுத்தான். அந்த அம்மாவுக்கு வழி சொல்ல சங்கத்தில் ஓர் ஆள் இல்லை. நாம் வருடா வருடம் பல்கலைக்கழக நேர்காணலுக்குப் பயிலரங்கு நடத்துகிறோம். ஒருமுறைகூட இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதில்லை.

மேலே சொன்ன பெண்ணை மறுபடி நினைத்துப் பாருங்கள். பெல் கிராண்ட் அவளுக்கு மூடிய கதவு. அவள் விசாவைக் கேட்காமல், அவள் தமிழையும் உழைப்பையும் மட்டும் பார்த்துக் கொடுக்கக்கூடிய பணம் என்று அவளுக்குத் தெரிந்தது நம் சங்கத்தினுடையது ஒன்றுதான். அதையும் மூடிவிட்டோம்.

நான் கேட்பது இவை. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அடுத்த வருடத்திலிருந்து அல்ல, இந்த வருடமே. அந்த வரியால் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள் எத்தனை என்பதைப் பொதுக்குழுவுக்குச் சொல்லுங்கள். அவற்றைத் திரும்ப அழைத்து, மற்ற விண்ணப்பங்களோடு ஒரே வரிசையில் வைத்து மதிப்பிடுங்கள். சலுகை எதுவும் வேண்டாம். தகுதி இல்லை என்றால் தகுதி இல்லை என்று சொல்லுங்கள், கல்லூரியின் பெயரைச் சொல்லாதீர்கள்.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு மாறுகிற பிள்ளைகளும் விண்ணப்பிக்க வழி செய்யுங்கள். செலவு கூடுவது அப்போதுதான், ஆனால் பள்ளி முடிக்கிறவர்களுக்கு மட்டும் என்று நம் படிவம் அன்றைக்கு அவர்களை வெளியே நிறுத்துகிறது.

பட்டமளிப்புப் பாராட்டு விழாவில் பல்கலைக்கழகங்களின் பெயரை வாசிக்கும்போது, கம்யூனிட்டி காலேஜ் சேர்கிற பிள்ளைகளையும் பெயர் சொல்லி, கல்லூரி சொல்லி மேடைக்குக் கூப்பிடுங்கள். போன வருடம் மூன்று பேர் பார்வையாளர் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்த்தேன்.

ஜனவரியில் இரண்டு சனிக்கிழமை மாலை தமிழ்ப் பள்ளி அறையை எனக்குக் கொடுங்கள். ஃபாஃப்சா, கட்டணத் தள்ளுபடி, ஈ.ஓ.பி.எஸ். மூன்றையும் பெற்றோருக்குத் தமிழிலேயே உட்கார வைத்துச் சொல்லித்தருகிறேன். மாநில உதவிக்கு வழக்கமாக மார்ச் 2 கடைசித் தேதி; கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு ஒரு புரொஜெக்டரும் காப்பியும் போதும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்து, முடிவை எழுத்தில் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மின்னஞ்சல் போதாது, உங்களில் ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கல்லூரி ஆகஸ்ட் கடைசியில் திறக்கிறது. முதல் பருவத்துக்கு வேதியியலும் கால்குலஸும் எடுத்திருக்கிறாள். முதல் வாரத்துக்குள் இரண்டு புத்தகத்தையும் வாங்கியாக வேண்டும்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளியில் பதினொரு வருடமாகப் பாடம் எடுக்கும் ஆசிரியை,
சங்கத்தின் உறுப்பினர்